பத்து நாள் பழுப்பு

"தெரியணும். ஆனா தெரியக்கூடாது," என்றாள் அக்கா.

தங்கை வாலுள்ள சீப்பை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணாடிக்குள் அக்காவை முறைத்தாள். அவள் பார்லர் வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. தலைக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்ன ஒரு வாடிக்கையாளரை அவள் இன்னும் சந்திக்கவில்லை. அதற்காக இப்படியா?

"அது எப்படிக்கா? தெரியக்கூடாதுன்னா எதுக்கு மூணு மணி நேரம் என் உயிரை எடுக்கற? சும்மா எண்ணெய் தடவிட்டுப் போ."

"சும்மா பாக்கறவங்களுக்குத் தெரியக்கூடாது. உத்துப் பாக்கறவங்களுக்குத் தெரியணும்."

"உத்துப் பாக்கறவங்கன்னா யாரு?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கையில் எடுத்திருந்த சீப்பு கீழே விழுந்தது. "ஐயோ, அத்தானா!"

அக்காவின் காது சிவந்தது. நாற்பத்து நான்கு வயதில் ஒரு பெண்ணுக்குக் காது சிவக்க வேண்டிய காரணமா இது என்று நீங்கள் கேட்கலாம். கதையை முழுதாகக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

அக்காவைத் தெருவில் எல்லோரும் கண்ணாடிக்காரி என்றுதான் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, அதுலயா?" என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரைக் கேட்டுக் கேட்டு, வீட்டில் சட்னி அரைக்கும்போதுகூட அதே தொனியில்தான் உப்பு கேட்பாள். அவள் கணவர் பெயிண்ட் தொழிற்சாலையில் நிறம் ஒப்பிடுகிறவர். அங்கே அவருக்கு ஷேடு சார் என்று பெயர். இன்றைக்குக் கலக்கிய டப்பாவுக்கும் போன மாதம் கலக்கிய டப்பாவுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும், "இது போகாது, திருப்பிக் கலக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். மயிரிழை என்று நான் சும்மா சொல்லவில்லை. அதில்தான் கதையே இருக்கிறது.

அவர்கள் முதல்முதலாகச் சந்தித்ததே அவள் கடையில்தான். வேலையில் சேர, நிறம் பார்க்கும் கண் சரியாக இருக்கிறது என்று ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது அவருக்கு. புள்ளி புள்ளியாக எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகத்தை அவள் பக்கம் பக்கமாகத் திருப்பினாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தவர், எழுந்து போகும்போது தயங்கி நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க கோட்டுல மூணாவது பட்டன் மட்டும் வேற வெள்ளை."

அன்று காலைதான் அந்தப் பட்டன் அறுந்து, வேறு ஒன்றைத் தேடி அவசரமாகத் தைத்திருந்தாள். கூட வேலை பார்த்த ஒருவருக்கும் தெரியவில்லை. தைத்த அவளுக்கே தெரியவில்லை. இந்த மனிதருக்குத் தெரிந்தது. அவள் அவரைக் கட்டிக்கொண்டது அந்தப் பட்டனுக்காகத்தான். வேறு காரணம் எதுவும் சொல்லி அவள் யாரையும் ஏமாற்றியதில்லை.

ஆனால் பட்டனைப் பார்க்கிற கண் பட்டனோடு நிற்குமா? கல்யாணமான பிறகு சேலைக்கும் ரவிக்கைக்கும் ஷேடு பொருந்தவில்லை என்றார், ஒரு செருப்பு மற்றதைவிட வெளுத்திருக்கிறது என்றார். ஒன்பது வருடத்துக்கு முன்னால், தங்கையின் கல்யாணத்தில், போட்டோவுக்கு எல்லோரும் வரிசையாக நிற்கையில், "முகத்துல போட்ட பவுடரும் கழுத்துல போட்ட பவுடரும் ரெண்டு ஷேடு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் போட்ட போட்டில் மனிதர் வாயை மூடிக்கொண்டவர்தான். அதற்குப் பிறகு அவள்மேல் உள்ள எந்த நிறத்தைப் பற்றியும் அவர் பேசியதே இல்லை. முதலில் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. இரண்டு வருடம் போனதும் என்னவோ போலிருந்தது. இப்போதெல்லாம், இவர் என்னைப் பார்க்கிறாரா இல்லை பழக்கத்தில் என் பக்கம் திரும்புகிறாரா என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

"அதுக்கு ஒரே அடியா தலையைச் சிவப்பா மாத்திக்க. குருடனுக்குக்கூடத் தெரியும்," என்றாள் தங்கை.

"ஊருக்கே தெரியற மாதிரி பண்ணா ஊர் சொல்லி அவருக்குத் தெரியும். அது வேண்டாம். அவராத் தெரிஞ்சுக்கணும்."

"தெரிஞ்சுக்க மாட்டார்."

"தெரிஞ்சுக்குவார்."

"பந்தயம்?"

இந்தக் குடும்பத்தில் பந்தயம் என்ற சொல்லைக் கேட்டுவிட்டுப் பின்வாங்கியவர் யாரும் கிடையாது. தங்கை விரல் மடக்கிச் சட்டம் போட்டாள். பத்து நாள். பத்தாம் நாள் பகல் பன்னிரண்டு மணியோடு சரி. அக்கா சொல்லக்கூடாது, கேட்கக்கூடாது, ஜாடை காட்டக்கூடாது. அவர் கண்டுபிடிக்காவிட்டால், இடுப்புவரை தொங்கும் அக்காவின் பின்னலைத் தோளோடு வெட்டும் உரிமை தங்கைக்கு. அந்தப் பின்னல்மீது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண்.

"கண்டுபிடிச்சிட்டா?"

"ஒரு வருஷம் நீ என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேச மாட்டேன். சரிக்கான்னு மட்டும் சொல்றேன்."

அக்கா உடனே தலையைக் கொடுத்துவிட்டாள்.

தங்கை கைதேர்ந்த வேலைக்காரி. அதில் குறை சொல்ல முடியாது. சீப்பின் வாலால் மேல்முடியிலிருந்து நூல் நூலாகப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு கற்றைக்கும் கீழே அலுமினியத் தாள் வைத்து, கிண்ணத்துச் சாயக் கலவையைப் பிரஷ்ஷால் தடவி, தாளை மடித்து மடித்து வைத்தாள். கருப்பை ஒரேயடியாக வெளுக்க விடாமல், பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தாளைப் பிரித்துப் பார்த்தாள். கடைசித் தாளுக்கு வந்தபோது கிண்ணம் காலி. இடது காதுக்குப் பின்னால் ஒரே ஒரு கற்றை பாக்கி. அவள் சாயக் குழாயைப் பிதுக்கி, தராசில் வைக்காமல் கண்ணளவில் கொஞ்சம் கலந்து, அதையும் தடவி முடித்தாள்.

"அளந்து போடலையே?" என்றாள் அக்கா. கண்ணாடிக்காரியாயிற்றே, எல்லாம் கவனிப்பாள்.

"காதுக்குப் பின்னாடிக்கா. எவனுக்குத் தெரியப்போகுது?"

அலசிக் காயவைத்த பிறகு அக்கா கண்ணாடியில் பார்த்தாள். குழல் விளக்குக்கு அடியில் தலை எப்போதும்போல் கருப்புதான். ஏமாந்துவிட்டோமோ என்று வாசலுக்கு வந்தாள். வெயில் பட்டதும் கருப்புக்குள்ளிருந்து மெல்லிய பழுப்பு இழைகள் அங்கங்கே எட்டிப் பார்த்தன. தலையை ஆட்டினால் தெரிந்தது, நிறுத்தினால் மறைந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தெருவில் நின்றபடி நான்கு தரம் தலையை ஆட்டினாள். எதிர்க்கடைக்காரர் கழுத்துவலியா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் சிக்கல் உறைத்தது. ஷேடு சார் காலை ஆறரைக்குத் தொழிற்சாலை வண்டியைப் பிடிப்பவர், பொழுது சாய்ந்துதான் திரும்புவார். வீட்டில் குழல் விளக்கு. வெயிலில் அவர் அவளைப் பார்க்க ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு. காலையில் சமையலறைக் கிழக்கு ஜன்னல், சரியாகப் பத்து நிமிடம்.

முதல் நாள் காலை, அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, முடியை அவிழ்த்துவிட்டுக் காபி ஆற்றினாள். அவர் உள்ளே வந்தார். நின்றார். டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"முடியைக் கட்டிக்கோ, அடுப்புக்கிட்ட நிக்கற," என்றார். போய்விட்டார்.

இரண்டாம் நாள், முடியைக் கட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றாள். ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள், மாடியில் காயும் துணியை எடுக்கத் துணைக்கு வரச் சொன்னாள். அன்று பண்டிகை விடுமுறை, நல்ல வெயில். மாடியேற விடாமல் அவளைக் கீழே உட்கார வைத்துவிட்டு, அவரே போய்த் துணியை எடுத்து வந்துவிட்டார். பத்தொன்பது வருடத்தில் அந்த மனிதர் துணி எடுத்தது அதுதான் முதல் தரம். வெயிலும் போயிற்று, வாய்ப்பும் போயிற்று.

நான்காம் நாள் அவள் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்தாள். ஜாடைதானே காட்டக்கூடாது? பூச்சி விழுந்தால் ஜாடையா?

"ஏங்க, தலைல ஏதோ பூச்சி விழுந்த மாதிரி இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்," என்று ஜன்னலோரம் போய்க் குனிந்தாள்.

அவர் பார்த்தார். இல்லாத பூச்சியை இவ்வளவு நேரம் தேடிய ஆள் உலகத்தில் இருக்க முடியாது. விரலால் வகிடு பிரித்தார், இங்கே தூக்கினார், அங்கே விலக்கினார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஒண்ணும் இல்ல," என்றார் கடைசியில். குரல் மட்டும் ஒரு மாதிரி இருந்தது. "நீ நல்லா சாப்பிடறியா?"

அன்று மாலை வரும்போது ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வாங்கி வந்தார். மறுநாள் பீட்ரூட். அதற்கு மறுநாள் கீரைக்கட்டு, அதை அவரே உட்கார்ந்து ஆய்ந்தார். தண்ணீர் வாளியை அவள் தூக்கினால் பிடுங்கிக்கொண்டார். குளியலறைச் சீப்பில் ஒரு முடிகூடச் சிக்கியிருப்பதில்லை, பளிச்சென்று துடைத்து வைத்திருந்தார். அவள் தட்டில் இருப்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். எல்லாவற்றையும் பார்த்தார், தலையை மட்டும் பார்க்கவில்லை.

கண்ணாடிக்காரி கடையிலிருந்து தங்கைக்குப் போன் போட்டாள்.

"பீட்ரூட்டா?" என்றாள் தங்கை. "அக்கா, ஆம்பளைங்க திடீர்னு நல்லவங்க ஆனா அதுக்கு ரெண்டே காரணம்தான். ஒண்ணு, ஏதோ தப்பு பண்ணிருக்காங்க."

"ரெண்டாவது?"

"ரெண்டாவதும் அதேதான்."

"வாயைக் கழுவு."

"கழுவறேன். கத்திரியையும் கழுவி வைக்கிறேன். இன்னும் மூணு நாள்தான் இருக்கு."

தப்பு பண்ணுகிற ஆளில்லை அவர் என்று அக்காவுக்குத் தெரியும். பிறகு ஏன் பார்க்கவில்லை? ஒருவேளை கண் போய்விட்டதோ? இந்த எண்ணம் வந்ததும் அவளுக்குப் பயத்தோடு கூடவே ஒரு குறுக்கு நிம்மதியும் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். கண் கெட்டிருந்தால் குற்றம் கண்ணுடையது. கண் நன்றாக இருந்தால் குற்றம் வேறெங்கோ இருக்கிறது.

எட்டாம் நாள் சாயங்காலம், வருடா வருடம் பார்க்க வேண்டியதுதானே என்று சொல்லி அவரைக் கடைக்கு வரவழைத்தாள். அதே இருட்டறை, அதே நாற்காலி. எழுத்துகளைக் கடைசி வரிவரை தடுக்காமல் படித்தார். அவள் விளக்கைப் போட்டுப் புள்ளிப் புத்தகத்தை எடுத்தாள். பன்னிரண்டு, எட்டு, இருபத்தொன்பது என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போனார். பதினான்காம் பக்கத்தில் நிறுத்தினார்.

அவள் ஆவலோடு முன்னால் சாய்ந்தாள். "என்ன, தெரியலையா?"

"நம்பர் எழுபத்து மூணு. ஆனா இந்தப் பக்கத்துல மஞ்சள் வெளுத்துடுச்சு. வேற புத்தகம் வாங்கச் சொல்லு."

கண்ணில் ஒரு பழுதும் இல்லை. புத்தகத்துக்குத்தான் பழுது. அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, சான்றிதழில் எழுதுவதுபோல் எதையோ எழுதினாள். காகிதத்தில் வெளுத்த மஞ்சள் தெரிகிறது, எதிரே ஒரு முழத் தூரத்தில் இருக்கும் தலை தெரியவில்லை. அப்படியானால் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

ஒன்பதாம் நாள் பூராவும் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு வந்து, துண்டில் கையைத் துடைத்தபடி நின்றார்.

"நாளைக்கு லீவு போடு. நானும் போட்டுட்டேன். ஒரு இடத்துக்குப் போகணும்."

"எங்க?"

"வா, சொல்றேன். காலையில ஒண்ணும் சாப்பிடாதே. வெறும் வயிறா வா."

அவள் உள்ளம் துள்ளிக் குதித்தது. ஆகா, கண்டுபிடித்துவிட்டார்! கண்டுபிடித்து, வேண்டுமென்றே ஒன்பது நாள் காக்க வைத்து, கடைசி நாளில் பெரிய விருந்துக்கு அழைத்துப் போகிறார், கள்ளன். வெறும் வயிறோடு வா என்றால் பிறகு என்ன? பெரிய ஓட்டல்தான். வாசலில் பூச்செடி வைத்திருக்கிற, கதவைத் திறந்துவிட ஆள் நிற்கிற ஓட்டல்.

பத்தாம் நாள் காலை, இருப்பதிலேயே நல்ல பட்டுச்சேலையை உடுத்திக்கொண்டு, முடியைப் பாதிக்குமேல் அவிழ்த்துவிட்டு, பசியோடும் பெருமையோடும் அவருடன் கிளம்பினாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தார்கள். பூச்செடி வைத்த ஓட்டல் வந்தது. அவள் நடையைக் குறைத்தாள். அவர் குறைக்கவில்லை. ஓட்டலைத் தாண்டி, சைக்கிள் கடையைத் தாண்டி, பச்சை போர்டு மாட்டிய கட்டிடத்துக்குள் நுழைந்தார். ரத்தப் பரிசோதனை நிலையம் என்று போர்டில் எழுதியிருந்தது.

"இங்க எதுக்கு?"

"உக்காரு."

உட்கார்ந்தாள். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாலைந்து பேர் கையில் பஞ்சோடு இருந்தார்கள். பட்டுச்சேலையில் வந்தவள் அவள் ஒருத்திதான். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை அட்டையை எடுத்தார். தொழிற்சாலையில் நிற மாதிரி தடவி ஒட்டுகிற அட்டை அது. அதில் பெயிண்ட் இல்லை. இரண்டு முடிகள், பக்கத்தில் பக்கத்தில், டேப் போட்டு ஒட்டியிருந்தன. ஒன்று கருப்பு, ஒன்று பழுப்பு. கீழே அவருடைய பொடி எழுத்தில் தேதியும், பிறகு மூன்று வரியும் இருந்தன. பகல் வெளிச்சம், வித்தியாசம் உண்டு. மஞ்சள் விளக்கு, லேசாக உண்டு. குழல் விளக்கு, இல்லை.

"சீப்புல இருந்து எடுத்தேன்," என்றார் அவர். "ஒரே ஒரு லைட்ல பார்த்துட்டு எங்க வேலையில வாயைத் திறக்க மாட்டோம். அதனால ஃபேக்டரிக்கு எடுத்துட்டுப் போய் மூணு லைட்லயும் பார்த்தேன். நிஜமாவே மாறியிருக்கு. அதுவும் எல்லாம் இல்ல, சிலது மட்டும். உடம்புல எதோ குறையுதும்மா. இரும்புச்சத்துங்கறாங்க, தைராய்டுங்கறாங்க, என்னென்னமோ சொல்றாங்க. உன்னை பயமுறுத்த வேண்டாம்னுதான் சொல்லல. எனக்கு ஒரு வாரமா சோறு இறங்கல."

பேரீச்சம்பழம், பீட்ரூட், கீரை, தண்ணீர் வாளி எல்லாம் அவள் கண்ணெதிரே வரிசையாக வந்து நின்றன. சிரிப்புதான் முதலில் வந்தது. ஆனால் ஒரு வாரமாகச் சோறு இறங்காத அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு உள்ளே போய்விட்டது. சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தரை. மாற்றத்தை அவர் கண்டுபிடித்தாயிற்று; இன்னும் ஒன்றரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் சட்டம் அவள் பக்கம், இப்போதே சொல்லிவிட்டால் தோல்வி. பின்னல் போனால் போகட்டும், இந்த மனிதரை இதற்குமேல் ஒரு நிமிடம்கூடப் பயப்பட விடக்கூடாது என்று தீர்மானித்தாள்.

"ஏங்க, இங்க பாருங்க, அது வந்து..."

"கையை மடக்காதீங்க மேடம்," என்றது பக்கத்தில் ஒரு குரல். ரத்தம் எடுக்கும் பெண் எப்போது வந்தாள், எப்போது கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள் என்று தெரியவில்லை, ஊசி இறங்கிவிட்டது. கண்ணாடிக்காரி "ஐயோ" என்றாள். தலையில் நாலு பழுப்பு இழைக்காக ரத்தம் சிந்திய முதல் பெண் அவளாகத்தான் இருப்பாள்.

அந்தப் பெண் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு நிமிர்ந்தாள். ஜன்னல் வெயில் நேராகக் கண்ணாடிக்காரியின் தலைமேல் விழுந்துகொண்டிருந்தது.

"மேடம், எந்தப் பார்லர்? சூப்பரா பண்ணிருக்காங்க. எனக்கும் இதே மாதிரி அடக்கமா வேணும்னு கேட்டேன், தேங்காய் நார் மாதிரி பண்ணி அனுப்பிட்டாங்க."

ஷேடு சார் அந்தப் பெண்ணைப் பார்த்தார். மனைவியின் தலையைப் பார்த்தார். கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு அட்டையை மெதுவாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

அவள் பஞ்சைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடினாள். பஸ் நிறுத்தத்து சிமெண்ட் பலகையில் அவர் உட்கார்ந்திருந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் ஓர் அடி தள்ளி உட்கார்ந்தாள்.

"வேணும்னே பண்ணதா?"

"வேணும்னேதான்."

"நோய் இல்ல?"

"இல்லைங்க."

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு சொன்னதும் எனக்குக் கோபம் வரலை, தெரியுமா? அவ காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. அதான் வெளில வந்துட்டேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நிறைந்த கண்ணோடு சண்டையும் பிடித்தாள். அது அவளால் முடியும்.

"எப்போ பார்த்தீங்க?"

"முதல் நாளே. ஜன்னல்கிட்ட, காபி ஆத்தும்போது."

"முதல் நாளேவா! அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல? நான் இங்க மண்டையை உடைச்சுக்கிட்டு..."

"நீதானே சொல்லக்கூடாதுன்னே."

"நானா?"

"உன் தங்கச்சி கல்யாணத்தன்னைக்கு. திரும்பி வரும்போது. 'இனிமே என் மேல இருக்கற எந்தக் கலரைப் பத்தியும் நீங்க வாயைத் திறந்தா நான் மனுஷியா இருக்க மாட்டேன்'னு சொன்னே. என் கையில அடிச்சு சத்தியம் வாங்கினே."

அவளுக்கு அந்தப் பவுடர் நினைவிருந்தது. வரிசையில் யார் யார் சிரித்தார்கள் என்பதுகூட நினைவிருந்தது. சத்தியம் மட்டும் சுத்தமாக மறந்துவிட்டது. ஒன்பது வருடம் இந்த மனிதர் அதைக் கட்டிக் காத்திருக்கிறார். இவளோ, இவருக்குக் கண்ணில்லை என்று புத்தகத்தை வைத்துச் சோதித்திருக்கிறாள்.

போன் அடித்தது. தங்கைதான். பொறுமையா அவளுக்கு? பன்னிரண்டு அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அக்கா நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிக்கவிடாமல் மறுபக்கம் குதித்தது.

"இது செல்லாது! அத்தான் கண்டுபிடிச்சது நோயை. கலரைக் கண்டுபிடிச்சது அந்த ரத்தம் எடுக்கற பொண்ணு. பின்னலை எடுத்துட்டு நேரா கடைக்கு வா. ஸ்பீக்கர்ல போடு, அத்தான்கிட்டயே நியாயம் கேக்கறேன்."

அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். பந்தயம் என்ன, வெட்டப்போவது எது என்பதையெல்லாம் தங்கை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். ஷேடு சார் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"சொல்லலாமா?"

அவர் அனுமதி கேட்கிறார் என்று புரிய அவளுக்கு ஒரு நொடி ஆயிற்று. "சொல்லுங்க," என்றாள்.

அவர் போனுக்கு அருகே குனிந்தார். "இடது காதுக்குப் பின்னாடி ஒரு கற்றை மட்டும் வேற பழுப்பு. ரெண்டாவது தடவை கலக்கும்போது சிவப்பு ஒரு சொட்டு கூடியிருக்கு. நோயில அப்படி வராதேன்னுதான் எனக்குப் புரியவே இல்ல. அளக்காமப் போட்டியாம்மா?"

மறுபக்கத்தில் கத்திரியை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"அத்தான்," என்றாள் தங்கை கடைசியில், மிகவும் சின்னக் குரலில். "இதை வெளில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கடை பேர் கெட்டுடும்."

"பின்னல்?" என்றாள் அக்கா.

"சரிக்கா."

மறுபேச்சு இல்லாமல் தங்கையின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுதான் முதல் தரம். அக்கா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பிறகு, கூந்தலில் மீதியிருந்த ஊசிகளையும் உருவி மடியில் வைத்துக்கொண்டு, நன்றாக வெயில் படும்படி திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இந்தத் தரம் அவர் தேடவில்லை. நேராக இடது காதுக்குப் பின்னால் விரலை வைத்தார்.

"இதான்."

"இந்த ஒன்பது வருஷத்துல சொல்லாம விட்டது வேற என்னவெல்லாம் இருக்கு?"

"நிறைய இருக்கு. எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். ஒண்ணையும் விடக்கூடாது."

"பஸ் வருது பாரு. உனக்குப் பசிக்கும்."

"வரட்டும். ஆரம்பிங்க."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "போன வருஷம் ஆசையா ஒரு பச்சைச் சேலை எடுத்தியே..."

"ஆமா, அதுக்கென்ன?"

"அது பச்சையே இல்ல."

பஸ் வந்து நின்றது, யாரும் ஏறாததைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அடுத்ததும் போயிற்று.